அட்டையும் கட்டிடமும்: மருத்துவக் காப்பீட்டின் கட்சி அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து நவம்பர் 12 வரை, 43 நாட்கள், மைய அரசு முடங்கிக் கிடந்தது. அந்த நாட்டு வரலாற்றில் அதற்குமுன் இவ்வளவு நீண்ட முடக்கம் நடந்ததில்லை. லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் சம்பளம் வாங்காமலே வேலை பார்த்தார்கள். நம்ம ஊர் ரேஷனைப் போல அங்கே ஏழைகளுக்குக் கிடைக்கும் உணவு உதவி நவம்பரில் தடுமாறியது. இவ்வளவுக்கும் காரணம் ஒரு மானியம். தனியார் நிறுவனங்களிடம் மருத்துவக் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு அரசு தந்துவந்த கூடுதல் பிரிமியச் சலுகை அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாக இருந்தது. அதை நீட்டித்தால்தான் செலவு மசோதாவுக்கு வாக்களிப்போம் என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அரசைத் திறப்போம், மற்றதைப் பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. கடைசியில் ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து எட்டு செனட்டர்கள் மறுபக்கம் வாக்களிக்க, அரசு திறந்தது. மானியம் சொன்ன தேதியில் காலாவதியானது.

இந்தச் செய்தியை நம் நண்பர்கள் இரண்டு விதமாக வாசித்தார்கள். இது முதலாளித்துவ நாட்டின் உள்முரண்பாடு, நமக்கு இதில் வேலையில்லை என்றார்கள் சிலர். அங்கே ஒரு கட்சி மக்களின் வைத்தியச் செலவுக்காக அரசையே நிறுத்துகிறது, இங்கே எந்தக் கட்சி அப்படிச் செய்யும் என்று ஏங்கினார்கள் வேறு சிலர். இரண்டு வாசிப்பிலும் எனக்குத் திருப்தி இல்லை. இரண்டுமே இந்தச் சண்டை அங்கே மட்டும் நடப்பதாக நினைத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் மருத்துவக் காப்பீட்டை முன்னிட்டு இரண்டு கட்சிகள் மோதியிருக்கின்றன. அதில் ஒரு முடக்கமும் நடந்திருக்கிறது. அலுவலகக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்போதே நடந்த முடக்கம் என்பதால் அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வரலாற்றைத் தேனி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கெங்குவார்பட்டியில் இருந்துகொண்டு எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. மேற்கே போனால் தேவதானப்பட்டி, பெரியகுளம். கிழக்கே வத்தலக்குண்டு போய்விட்டால் திண்டுக்கல் மாவட்டம். பெரிய வியாதி என்றால் எங்களுக்கு இரண்டு திசைதான்: ஒன்று க.விலக்கு, மற்றொன்று மதுரைப் பெரியாஸ்பத்திரி. அதே சமயம், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி தேர்தலில் ஜெயித்த முதலமைச்சரும், முதலமைச்சர் படுக்கையில் கிடந்த நாட்களில் அவருடைய இலாகாக்களைக் கவனித்த அமைச்சரும் இந்த மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். நோயும் கட்சியும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு.

2

முதலில் ஒரு அடிப்படை வித்தியாசத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதியும் காங்கிரசும் (நம்ம ஊர்க் கட்சியல்ல, அவர்களுடைய நாடாளுமன்றம்) தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். செலவுக்கான ஒப்புதல் தீர்ந்துபோனால் அங்கே ஆட்சி கவிழாது, அலுவலகம் மூடும். இதுவும் ஆதியிலிருந்து இருந்த வழக்கமில்லை. ஒப்புதல் இல்லாமல் செலவு செய்யக்கூடாது என்கிற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆனாலும் ஒப்புதலில் இடைவெளி விழுந்த காலங்களில் அலுவலகங்கள் ஏதோ சமாளித்து நடந்துகொண்டுதான் இருந்தன. 1980இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அந்தப் பழைய சட்டத்தைக் கறாராக வாசித்து விளக்கம் எழுதினார்: ஒப்புதல் இல்லையென்றால் வேலை நிற்க வேண்டும். மறு ஆண்டு, உயிரையும் சொத்தையும் காக்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்குச் சொன்னார். ஒரு பழைய பிரதியின் மறுவாசிப்பு, இரண்டு கட்சிகளின் கையிலும் ஒரு ஆயுதத்தைக் கொடுத்தது.

அந்த ஆயுதம் யார் கையில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முடக்குவதற்காக 2013 அக்டோபரில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அரசை 16 நாட்கள் முடக்கினார்கள். அதே சட்டத்தின் மானியத்தைக் காப்பாற்றுவதற்காக 2025இல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 43 நாட்கள் முடக்கத்துக்குத் துணிந்தார்கள். கொல்வதற்கும் காப்பதற்கும் ஒரே ஆயுதம். இரண்டு முறையும் ஏந்தியவர்களுக்கு அது பலிக்கவில்லை.

நம் அரசியல் சட்டத்திலும், சட்டசபையின் ஒப்புதல் இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது என்றுதான் 266ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 206ஆம் பிரிவு இடைக்காலச் செலவுக்கு வழி வைத்திருக்கிறது. ‘ஓட் ஆன் அக்கவுண்ட்’ என்று பேப்பரில் வருவது இதுதான். பட்ஜெட்டில் அரசு தோற்றால் மந்திரிசபை போகும். தாசில்தார் ஆபீஸ் மூடாது. நம் மரபில் ஆள்கிறவர் விழுவார், அலுவலகம் நிற்கும். அவர்கள் மரபில் அலுவலகம் விழும், ஆள்கிறவர் நிற்பார்.

இங்கே அரசு அலுவலகங்கள் பெரிய அளவில் வெறிச்சோடியது 2003 ஜூலையில். ஓய்வூதியச் சலுகைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. உச்ச நீதிமன்றம் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்க வழிசெய்த கையோடு, வேலை நிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்றும் ஆகஸ்டில் தீர்ப்பு எழுதியது. அது தொழிலாளிக்கும் அரசுக்குமான மோதல். கட்சிக்கும் கட்சிக்குமான மோதல் நம்மிடம் வேறு இடத்தில் நடக்கிறது. அலுவலகத்தை மூடாமல் திட்டத்தை மூடுவது நம் முறை.

3

காப்பீடு பிறந்ததே கட்சிச் சண்டையில்தான். 1883இல் ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த பிஸ்மார்க், 1878லிருந்து சோசலிஸ்டுகளின் அமைப்புகளையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்து வைத்திருந்தவர். ஒரு கையில் தடைச் சட்டம், மறு கையில் காப்பீடு. சோசலிசத்தின் பக்கம் போகிற தொழிலாளியை அரசின் பக்கம் இழுத்துவைக்கிற கயிறாகத்தான் அது நெய்யப்பட்டது.

இந்தியாவில் வேறொரு கனவும் இருந்தது. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று சொல்லி, அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி மாவட்ட மருத்துவமனை வரை அரசே கட்ட வேண்டும் என்றது. அது கட்டிடத்தின் வழி. 1952இல் நடைமுறைக்கு வந்த இ.எஸ்.ஐ. அட்டையின் வழி. அது ஆலைத் தொழிலாளிக்கானது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் நிற்கிறவளுக்கும், போடி மெட்டு வழியாக ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வருகிறவளுக்கும், பெரியகுளத்து மாந்தோப்பில் கூடை சுமக்கிறவனுக்கும் அதில் இடமில்லை. அவர்களுக்குக் கட்டிடம் மட்டும்தான் இருந்தது. இருதய ஆபரேஷன் என்றால் அந்தக் கட்டிடமும் மதுரையில் இருந்தது.

2007இல் ஆந்திரத்தில் ராஜசேகர ரெட்டி அரசு ‘ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ’யைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக்கான பிரிமியத்தை அரசு கட்டும், பெரிய அறுவை சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம் என்பது அதன் வடிவம். 2009 ஜூலை 23ஆம் தேதி தமிழ்நாட்டில் ‘உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’ வந்தது. ஏறத்தாழ ஒரு கோடி குடும்பங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 469 ரூபாய் பிரிமியம். நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நடத்தியது ஸ்டார் ஹெல்த் என்கிற தனியார் நிறுவனம்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. நான்காண்டுக் கணக்கில் போடப்பட்ட திட்டம் இரண்டாவது ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டது. பழைய திட்டம் தனியார் நிறுவனத்துக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும்தான் லாபம், சிகிச்சைப் பட்டியலும் தொகையும் போதாது என்றது புதிய அரசு. இந்த விமர்சனத்தில் உண்மை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 2012 ஜனவரி 11ஆம் தேதி ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ வந்தபோது அது பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா வழியாக வந்தது. தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றானது. சிகிச்சைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பிரிமியம் 497 ரூபாய். அரசு மருத்துவமனைகளும் சிகிச்சை செய்து அந்தப் பணத்தைப் பெற வழி விரிந்தது. பழையதைவிட நல்ல திட்டம்தான். ஆனால் நல்ல திட்டம் வருகிறவரை இருக்கிற திட்டம் ஓடட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழைய அட்டைக்கும் புதிய அட்டைக்கும் நடுவில் மாதங்கள் விழுந்தன. நான் முடக்கம் என்று சொல்வது அந்த மாதங்களைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார். மனைவிக்கு இருதய வால்வில் கோளாறு. 2011 ஆடி மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அட்டையோடு போனார். “இந்தக் கார்டு இப்ப ஓடலைங்க, புதுசு வந்ததும் வாங்க” என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அரசு மருத்துவமனை திறந்துதான் இருந்தது. அங்கே வரிசையும் இருந்தது. அந்த அம்மாவால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். 2012 கோடையில் புது அட்டையில் ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டார். அதற்குள் மருந்துக்கும் போக்குவரத்துக்கும் வாங்கிய கடன் வட்டியோடு ஏறியிருந்தது. அந்தச் சமயத்தில் கொத்தனார் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: “கார்டு கலைஞர் கார்டு, ஆட்சி அம்மா ஆட்சி. பெறகு எப்பிடித் தம்பி செல்லும்?”

இதைச் சொல்லும்போது அவரிடம் கோபமே இல்லை. மழை பெய்யாவிட்டால் மஞ்சளாற்றில் தண்ணீர் வராது என்பதைப் போலச் சொன்னார். என்னை உறுத்துவது இதுதான். ஒரு திட்டத்தைக் கட்சி நிறுத்தியது ஒரு செயல். அதை நோயாளியின் கணவர் இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டது இன்னொரு செயல். இந்த இரண்டாவது செயல் எப்படி நடந்தது?

4

‘காப்பீடு’ என்கிற சொல்லையே எடுத்துக்கொள்வோம். காப்பு, ஈடு. நூலின் தலையில் தெய்வத்தை வேண்டிப் பாடுவதும் காப்பு. திருவிழாவுக்குக் கையில் கட்டுவதும் காப்பு. ஈடு என்றால் சமம், இழப்புக்கு மாற்று. ஈடு வைப்பது என்றால் அடகு. அமெரிக்கக் குடும்பம் பிரிமியத்தில் ஒரு பங்கைத் தன் கையிலிருந்து கட்டுகிறது, மீதிக்கு அரசின் மானியம். மானியம் குறைந்தால் அடுத்த மாதப் பில்லில் தெரிந்துவிடும். இங்கே பிரிமியம் முழுவதும் அரசு கட்டுகிறது. 469, 497, பிறகு 2022இல் 849 என்று ஏறிவந்த அந்த எண்ணை அட்டை வைத்திருக்கிறவர் பார்த்ததே இல்லை. தான் கட்டிய மறைமுக வரியிலிருந்து அது போகிறது என்பதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிவது அட்டை, அட்டையில் ஒரு பெயர். பூக்கோவோடு பணியாற்றிய பிரான்சுவா எவால்ட், காப்பீடு என்பது விபத்தைக் கணக்காக மாற்றுகிற தொழில்நுட்பம் என்று விளக்குவார். கணக்கு கண்ணுக்கு மறைந்துபோன இடத்தில் மிஞ்சுவது கொடை.

கொடை என்றதும் தமிழ் படித்தவனுக்குப் புறநானூறும் ஆற்றுப்படையும் நினைவுக்கு வராமல் இருக்காது. பரிசில் பெற்றவன், பெறாதவனுக்குப் புரவலனின் ஊருக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. ஒவ்வொரு ஆட்சியிலும் அரசு விளம்பரங்களில் ‘பயனாளி’ ஒருவர் வந்து தனக்குக் கிடைத்த சிகிச்சையைச் சொல்லித் தலைவருக்கு நன்றி சொல்கிறாரே, அது நம் காலத்து ஆற்றுப்படை. ‘பயனாளி’, ‘நலத்திட்ட உதவி’, ‘வழங்கினார்’ என்கிற இந்தச் சொல்லாடலுக்குள் ‘உரிமை’ என்கிற சொல் நுழைய இடமே இல்லை. புரவலன் மாறினால் பரிசில் நிற்கும் என்பது இந்த இலக்கணத்துக்குள் முறையானது. கொத்தனார் இந்த இலக்கணத்தில்தான் பேசினார். அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு கழகத்தாரும்.

பெயரின் அரசியலில் இன்னொரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் அந்தச் சட்டத்துக்கு ‘ஒபாமாகேர்’ என்ற பெயரைப் பரப்பியது எதிரிகள், கேலியாக. ஒபாமா அதைப் பிறகு ஏற்றுக்கொண்டார். இங்கே ஆள்கிறவரே தன் பெயரை வைத்துக்கொள்கிறார். வைக்கும்போதே அழிவுக்கும் நாள் குறித்தாகிவிடுகிறது. 2012இல் வைத்த பெயரில் ஆள் இல்லை, ‘முதலமைச்சர்’ என்கிற பதவி இருந்தது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிற நாற்காலி. 2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது பழைய ‘கலைஞர்’ பெயரை அந்தத் திட்டத்துக்குத் திருப்பிச் சூட்டவில்லை. அதே பெயரில், அதே நிறுவனத்தோடு 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்கு நீட்டித்து, வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தியது. காலி நாற்காலி ஒரு திட்டத்தைக் காப்பாற்றியது.

பெயரில் ஆள் உட்கார்ந்த திட்டங்களின் கதை வேறு. 1999இல் கருணாநிதி தொடங்கிய ‘வருமுன் காப்போம்’ முகாம்கள் 2001க்குப் பின் நின்றன, 2006இல் வந்தன, 2011இல் மறுபடி நின்றன, 2021 செப்டம்பரில் வாழப்பாடியில் ‘கலைஞரின்’ என்ற அடைமொழியோடு மறுபடி வந்தன. 2020 டிசம்பரில் பழனிசாமி அரசு திறந்த 2000 ‘அம்மா மினி கிளினிக்’குகள் 2022 ஜனவரியில் மூடப்பட்டன. அவை ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடுதான் என்று அமைச்சர் சொன்னார். தற்காலிகமாக ஏற்பாடு செய்தது ஒரு கட்சியின் குற்றம். அதைக் காரணமாக்கி மூடியது அடுத்த கட்சியின் வசதி.

இது திராவிடக் கட்சிகளின் தனிக் குணம் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். 2018இல் மோடி அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், பிரதமரின் படம் போட்ட கடிதங்கள் வீடு வீடாகப் போனதைச் சொல்லி 2019 ஜனவரியில் மம்தா வெளியேறினார். டெல்லி அந்தத் திட்டத்தில் சேர்ந்தது, அங்கே ஆட்சி பா.ஜ.க. கைக்குப் போன 2025இல்தான். பஞ்சாபில் நல மையங்களை ‘ஆம் ஆத்மி கிளினிக்’ என்று பெயர் மாற்றியதற்காக மைய அரசு சுகாதார இயக்க நிதியை நிறுத்திவைத்தது. பெயர்ப்பலகைக்காக நிதி நிற்பது, நமக்கு வாய்த்த அரசு முடக்கம்.

5

இப்போது ஆண்டிபட்டிக்கு வருவோம். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பர் 19இல் சிறுநீரக மாற்று அறுவை. டிசம்பர் 24இல் இங்கே தேர்தல். படுக்கையில் அவர் இருக்கிற வீடியோப் படம் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. ஆண்டிபட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. தலைவனின் நோய்பட்ட உடம்பே வாக்காக மாறிய அந்தத் தருணத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். அவர் போய்ப் படுத்த அதே நாட்டில், அதே சிறுநீரக நோய்க்கு ஒரு தனிச் சட்ட ஏற்பாடு இருக்கிறது. 1972இல் நிக்சன் கையெழுத்திட்ட திருத்தத்தின்படி, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, சமூகப் பாதுகாப்பில் போதிய காலம் பணம் கட்டியவரோ அவர் குடும்பத்தவரோ என்றால், வயது பார்க்காமல் மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு கிடைக்கும். எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தின் பயனாளி அல்ல. ஆனால் அரை நூற்றாண்டாக அங்கே டயாலிசிஸுக்குப் போகிற லட்சக்கணக்கானவர்கள் அதில் வாழ்கிறார்கள். 2025இன் 43 நாட்களிலும் மெடிகேர் நிற்கவில்லை. அதற்கு ஆண்டுதோறும் ஒப்புதல் தேவையில்லை, அதன் தலையில் முடிவுத் தேதி எழுதப்படவும் இல்லை. 2021இல் தந்து 2022இல் நீட்டிக்கப்பட்ட பிரிமியச் சலுகையின் தலையில் மட்டும் தேதி எழுதியிருந்தது. சண்டை அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு வந்தது.

காப்பீட்டின் கட்சி அரசியலில் பெயரைவிட ஆழமான விஷயம் இந்தத் தேதி. பெயரை நீக்கிவிட்டாலும் ஒப்பந்தக் காலம் இருக்கிறது, டெண்டர் இருக்கிறது, புதுப்பிக்கிற கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு பிடி. அதைப் பிடித்துத் திருக யாருக்கும் முடியும்.

கட்டிடத்தை அப்படித் திருக முடியாது. 2002இலும் 2006இலும் ஜெயலலிதா நின்று ஜெயித்த தொகுதி ஆண்டிபட்டி. முதலமைச்சரின் தொகுதி என்ற சலுகையில்தான் 2004இல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவும் ஒரு கொடைதான், சந்தேகமில்லை. ஆனால் 2006இல் ஆட்சி மாறியபோது அதை மூட யாராலும் முடியவில்லை. வார்டில் ஆட்கள் படுத்துவிட்டார்கள், பஸ்ஸில் ‘க.விலக்கு ஆஸ்பத்திரி ஒண்ணு’ என்று டிக்கெட் வாங்கப் பழகிவிட்டார்கள். கொடை மூன்று நான்கு வருடத்தில் ஊர்ச் சொத்தாக மாறிப்போனது. அட்டை அப்படி மாறுவதே இல்லை.

இதைவிட வேடிக்கையான சான்று சென்னையில் நிற்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் கருணாநிதி அரசு கட்டிய புதிய தலைமைச் செயலகத்தை 2010 மார்ச் 13இல் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். 2011இல் வந்த ஜெயலலிதா அதில் காலடி வைக்க மறுத்துக் கோட்டைக்கே திரும்பினார். அந்தக் கட்டிடம் மருத்துவமனையாக மாற்றப்பட்டு 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வன்மத்தில் பிறந்த மருத்துவமனை என்று சொன்னால் தப்பில்லை. 2021இல் தி.மு.க. திரும்பி வந்தபோது நோயாளிகளை வெளியேற்றிவிட்டுத் தலைமைச் செயலகத்தை மீட்கவில்லை. கட்சிப் பகைகூடச் செங்கல்லாக மாறினால் மக்களுக்குப் பயன்பட்டுவிடுகிறது.

பெயரில்லாமல் நிலைத்தவையும் உண்டு. மருந்து கொள்முதலுக்காக 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1996இல் ஆட்சி மாறியும் நின்றது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துப் படித்தன. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் எந்த ஆட்சியிலும் ஓடுகிறது. காட் ரோட்டில் வண்டி கவிழ்ந்தால் ஜனங்கள் கூப்பிடுவது ஒரு எண்ணை. எண்ணுக்குக் கட்சி கிடையாது.

6

கட்டிடத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதால், அட்டையை நான் வெறுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோழர்களில் சிலர் காப்பீடு என்றாலே தனியார்மயம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அரசுப் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகிறது என்பது உண்மை. அந்தப் பணத்தில் க.விலக்கில் இன்னும் எத்தனை இருதய மருத்துவர்களை அமர்த்தியிருக்கலாம் என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் சேரித் தெருவிலிருந்து ஒரு கூலிப் பெண் முதல்முறையாகக் குளிரூட்டிய மருத்துவமனையின் முன்வாசல் வழியாக உள்ளே போனது அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான். அரசு மருத்துவமனையில் அவள் வாங்கிய வசவுகளை மறந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நாம் கட்டிடத்தின் மகிமையைப் பாடக் கூடாது. அவளிடமிருந்து அட்டையைப் பிடுங்குகிற எந்தக் கோட்பாடும் எனக்குத் தேவையில்லை.

அப்படியானால் சட்டம் இயற்றிவிடலாமா? 2023 மார்ச்சில் ராஜஸ்தான் நலவாழ்வு உரிமைச் சட்டம் இயற்றியது. தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் ‘சிரஞ்சீவி’ காப்பீட்டுக்கு வேறு பெயர் வந்தது, உரிமைச் சட்டத்தைச் செயல்படுத்துவதில் புதிய ஆட்சி ஆர்வம் காட்டவில்லை. சட்டப் புத்தகத்தில் ஏறினால் மட்டும் போதாது, அதை உரிமை என்று நினைக்கிற ஜனங்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது அதில் கிடைக்கிற பாடம். க.விலக்கை யாரும் மூட முடியாதது அங்கே செங்கல் இருப்பதால் மட்டும் இல்லை. மூடினால் மாவட்டமே பஸ் மறிக்கும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும். 2011இல் பழைய அட்டை நின்றபோது எங்கள் ஊரில் ஒரு பஸ்ஸும் மறிக்கப்படவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை, கட்டிடத்துக்கு இருக்கிற அந்த அச்சத்தை அட்டைக்கும் உண்டாக்குவது. கோரிக்கை மிக எளிமையானது: எந்தத் திட்டத்தை எந்த அரசு மாற்றினாலும், புதியது நடைமுறைக்கு வருகிற நாள்வரை பழைய அட்டை செல்ல வேண்டும்; சிகிச்சையில் இருக்கிறவரின் சிகிச்சை முடிகிறவரை பழைய ஒப்பந்தம் அவருக்குத் தொடர வேண்டும்; இதை அரசாணையாக இல்லாமல் சட்டசபையில் சட்டமாக எழுத வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் தலைவர் பெயர் இருக்கிற இடத்தில் அந்த ஆண்டின் பிரிமியத் தொகையையும், அது மக்களின் வரிப்பணம் என்பதையும் அச்சிட வேண்டும். இதில் புரட்சி ஒன்றும் இல்லை என்று தோழர்கள் சிரிக்கலாம். சுவரில் சாய்ந்து தூங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜனவரி 11இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் கணக்கு 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்த டெண்டர், அடுத்த பிரிமியம், யார் கண்டார், அடுத்த பெயர். அந்த ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரியகுளத்திலும் போடியிலும் ஆண்டிபட்டியிலும் கம்பத்திலும் இருக்கிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இப்போதே கேட்டுவைப்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம்.